காபி இறங்கும் விதம்: வீட்டில் காபி தயாரிக்கத் தொடங்குவோருக்கு

காபித் தூளை எவ்வளவு வெந்நீரில் எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் அதன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் நீரில் கரையும். எஞ்சியது நார்ப்பொருள், அது சக்கையாகத் தங்கிவிடும். கரையக்கூடிய அந்த 30 சதவீதத்தையும் ஒட்டக் கறந்துவிட்டால் காபி இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வந்த நிலையில் நிறுத்தப்பட்ட காபியே பெரும்பாலோர் நாக்குக்குப் பிடிக்கிறது என்பதை 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட் தம் ஆய்வுகளின் வழியே காட்டினார். காபித் தொழிலில் இருப்போர் இன்றும் அந்த அளவையே அடிப்படையாகக் கொள்கின்றனர். அதற்குக் குறைவாகக் கரைந்தால் காபி புளிக்கும். மிகுதியாகக் கரைந்தால் கசக்கும். ஃபில்டர், பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாத்திரம் என்று வீட்டில் பயன்படும் கருவிகள் எல்லாமே இந்த ஒரே வேலையை, அதாவது வேண்டியதை நீருக்குள் இறக்கி வேண்டாததைத் தூளிலேயே விட்டுவிடும் வேலையை, வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பதற்கு முன், தூளிலிருந்து எது எப்போது இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

மூன்று டம்ளர் சோதனை

இதை விளக்கமாகப் படிப்பதைவிட ஒரு முறை நாக்கால் அறிந்துகொள்வது எளிது. ஏதாவது ஒரு வடிகட்டியில் 20 கிராம் தூளை இட்டு, சுமார் 300 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடியிலிருந்து சொட்டும் காபியை ஒரே பாத்திரத்தில் பிடிக்காமல், முதலில் வரும் பகுதியை ஒரு டம்ளரிலும், நடுவில் வருவதை இன்னொன்றிலும், கடைசியில் வருவதை மூன்றாவதிலுமாகப் பிடித்து வையுங்கள். முதல் டம்ளரில் இருப்பது கருகருவென்று, பாகு போலத் தோன்றும். வாயில் வைத்தால் நாக்கின் ஓரங்கள் சுருங்கும் அளவுக்குப் புளிப்பும், சற்றே உப்புச் சாயலும், மிகுந்த மணமும் தெரியும். இரண்டாவது டம்ளரின் நிறம் தேன் பழுப்பாக இருக்கும். புளிப்பு அடங்கி ஒரு மெல்லிய இனிப்பு வந்திருக்கும். மூன்றாவதில் இருப்பது நீர்த்த தேநீரின் நிறத்தில், மணமில்லாமல், பழைய மரத்தை ஊறவைத்தது போன்ற கசப்போடும் தொண்டையில் தங்கும் துவர்ப்போடும் இருக்கும்.

இனி இரண்டு கரண்டி முதல் டம்ளரிலிருந்தும், இரண்டு கரண்டி நடு டம்ளரிலிருந்தும் எடுத்து ஒன்றாகக் கலந்து குடித்துப் பாருங்கள்; பிறகு அதனுடன் மூன்றாவதிலிருந்து ஒரு கரண்டியைச் சேர்த்துப் பாருங்கள். தனியே குடிக்க முடியாத அந்தப் புளிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நிற்பது தெரியும். புளிப்புத் தரும் அமிலங்களும் மணப்பொருள்களும் நீரில் விரைவாகக் கரைகின்றன. கசப்பும் துவர்ப்பும் தரும் பெரிய மூலக்கூறுகள் மெதுவாகக் கரைகின்றன. எல்லாமே முதல் நொடியிலிருந்து கரையத் தொடங்கிவிடுகின்றன என்றாலும், அவற்றின் வேகம் வேறுபடுவதால்தான் எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது சுவையைத் தீர்மானிக்கிறது. இந்தச் சோதனையைச் செய்தவர்களுக்கு இனி நான் எழுதப்போகும் எதுவும் புதிராக இருக்காது. ஒரு வேளைத் தூள் செலவானாலும் பரவாயில்லை, கட்டாயம் செய்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் கையில் இருப்பவை

கரைதலின் வேகத்தை மாற்றும் பொருட்டு நாம் கையாளக்கூடியவற்றில் முதன்மையானது அரைவை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். எடை மாறவில்லை, நீர் தொடும் இடம் மட்டும் பத்து மடங்காகிறது. நைசாக அரைத்த தூள் சில நொடிகளிலேயே தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிடுவதும், ரவை போன்ற தூளுக்குப் பல நிமிடங்கள் தேவைப்படுவதும் இதனால்தான். காபி இறக்கும் ஒரு முறைக்கு ஏற்ற அரைவை இன்னொரு முறைக்குப் பொருந்தாததற்கும் இதுவே காரணம்.

அரைவையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சுழலும் கத்தி கொண்ட மிக்ஸியில் அரைத்தால் மாவும் குறுணையும் கலந்து வரும். மாவு அதிகமாகக் கரைந்து கசப்பையும், குறுணை போதிய அளவு கரையாமல் புளிப்பையும் ஒரே கோப்பைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு பற்தட்டுகளுக்கு இடையே கொட்டையை நசுக்கி அரைக்கும் காபி அரவை இயந்திரம், கையால் சுற்றுவதாக இருந்தாலும், துகள்களை ஏறத்தாழ ஒரே அளவில் தரும். காபிக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் கருவியைவிட இந்த அரவை இயந்திரத்தையே பரிந்துரைப்பேன். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஒரேயடியாக ஓடவிடாமல் சில நொடிகள் ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, மீண்டும் ஓட்டுவது ஓரளவு உதவும்.

அடுத்தது அளவு. ஒரு லிட்டர் நீருக்கு 55 முதல் 65 கிராம் தூள் என்பது பாலில்லாமல் குடிக்கும் காபிக்கு நல்ல தொடக்கம். ஒரு பெரிய கோப்பைக்கு 15 கிராம் தூளும் 250 மில்லி நீரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கரண்டிக் கணக்கில் அளப்பது நம்பகமானதன்று. இளவறுவலான கொட்டை அடர்த்தியாகவும், கருக வறுத்த கொட்டை உப்பி இலேசாகவும் இருப்பதால், ஒரே கரண்டியில் இரண்டும் வேறு எடை காட்டும். ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஊற்றிய நீர் முழுவதும் கோப்பைக்கு வராது என்பதையும் கவனிக்க வேண்டும். தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெப்பமானி இல்லாதவர்கள், நீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து அரை நிமிடம் பொறுத்தால் போதும். கருக வறுத்த தூள் எளிதில் கரைந்துவிடும் என்பதால் அதற்குச் சற்று ஆறிய நீரும், கரையத் தயங்கும் இளவறுவலுக்குக் கொதிநீரும் பொருத்தமானவை. இனி நீரின் தன்மை. பாலில்லாத காபியில் 98 சதவீதத்துக்கு மேல் நீர்தான் என்பதால், குடிக்க நன்றாக இல்லாத நீரில் இறக்கிய காபியும் நன்றாக இருக்காது. கடும் உப்பு நீர் காபியின் புளிப்பை மழுங்கடித்துவிடும். எந்தத் தாதுவும் இல்லாத வாலைவடிநீரோ சப்பென்ற காபியைத் தரும், ஏனெனில் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சுவைப் பொருள்களை இழுத்து வருவதற்குத் துணை செய்கின்றன.

ஊறவைக்கும் முறைகள்

தூளையும் நீரையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து, குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு, பிறகு பிரித்தெடுப்பது முதல் வகை. இதில் பிரெஞ்சு பிரஸ் புகழ்பெற்றது. பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், இன்று நாம் காணும் வடிவத்துக்கு நெருக்கமான காப்புரிமை ஒன்றை 1929இல் பெற்றவர் இத்தாலியரான அத்திலியோ கலிமானி. ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் மேலும் கீழும் நகரும் கம்பி வலை, அவ்வளவுதான் கருவி.

தொடங்குவோருக்கு நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான். தூளைச் சுற்றியுள்ள நீரில் சுவைப் பொருள்கள் சேரச் சேர மேற்கொண்டு கரைவதன் வேகம் தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே ஒரு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் காபி கெட்டுவிடுவதில்லை. ரவையைவிடச் சற்றுப் பெரிதாக அரைத்த தூள் 30 கிராமைக் குடுவையில் போட்டு, 500 மில்லி வெந்நீரை ஊற்றி, நான்கு நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். மேலே ஓர் அடை போலத் தூள் மிதந்து நிற்கும். கரண்டியால் அதை மெதுவாகக் கலைத்துவிட்டால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். மேலே தங்கும் நுரையையும் மிதக்கும் துகள்களையும் வழித்து எடுத்துவிடுங்கள். மேலும் ஐந்து நிமிடம் பொறுத்து, வலையைக் காபியின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இறக்கிவைத்து, அடியிலுள்ள வண்டலைக் கலக்காமல் சாய்த்து ஊற்ற வேண்டும். பொறுமையாகச் செய்தால் வண்டல் மிகக் குறைவாக வரும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். நான் முதன்முதலில் இந்தக் கருவியை வாங்கியபோது வீட்டில் இருந்த, ஃபில்டருக்கென்று நைசாக அரைத்த தூளையே போட்டேன். மாவு போன்ற தூள் வலையின் கண்களை அடைத்துக்கொண்டதால் கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. பலங்கொண்டு அழுத்தியதும் ஓரத்தின் வழியே கொதிக்கும் காபி பீறிட்டு மணிக்கட்டில் கொட்டியது. தழும்பு மறையப் பல வாரங்கள் ஆயின. வலை இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். சற்று மேலே தூக்கி, சில நொடி விட்டு, மீண்டும் மெல்ல இறக்குங்கள். அடுத்த முறை இன்னும் பெரிதாக அரையுங்கள்.

கம்பி வலை காபியின் எண்ணெயைத் தடுப்பதில்லை. வாயில் கொழுகொழுவென்று நிற்கும் கனம் பிரெஞ்சு பிரஸ் காபிக்கு இருப்பது அந்த எண்ணெயால்தான். அதே எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தக்கூடியது என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துவைத்துக்கொள்கிறது. கொலஸ்டிரால் குறித்துக் கவலை உள்ளவர்கள், அதிலும் நாளுக்குப் பல கோப்பை குடிப்பவர்கள், காகிதத்தில் வடித்த காபியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் கோல்ட் ப்ரூவும் இதே வகையைச் சேர்ந்தது. வெப்பம் செய்ய வேண்டிய வேலையை நேரம் செய்கிறது: பெருவெட்டாக அரைத்த தூள் 100 கிராமுக்கு 800 மில்லி நீர் என்ற அளவில் கலந்து, மூடி, குளிர்பெட்டியில் 12 முதல் 18 மணி நேரம் வைத்து வடிகட்டினால் கெட்டியான காபி கிடைக்கும், குடிக்கும்போது நீரோ பாலோ பனிக்கட்டியோ சேர்த்துக்கொள்ளலாம். புளிப்பும் கசப்பும் குறைந்து வழுவழுப்பாக இருக்கும் என்றாலும், வெந்நீரில் எழும் மணம் இதில் எழுவதில்லை. குறுகிய கழுத்துள்ள சிறு பாத்திரத்தில் மாவாக அரைத்த தூளையும் நீரையும் சேர்த்து அடுப்பிலேற்றி, நுரை எழும்பிப் பொங்கப்போகும் நேரத்தில் இறக்கிவிடும் துருக்கி முறையும் ஊறவைத்தலின் ஒரு வடிவமே. அதில் வடிகட்டுவதே இல்லை, வண்டல் கோப்பையின் அடியில் படியும் வரை காத்திருந்து குடிக்க வேண்டும்.

வடிக்கும் முறைகள்

1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, தம் காபியில் வண்டலும் கசப்பும் மிகுதியாக இருப்பதைப் பொறுக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளைகளிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த மையொற்றுத் தாளை அதில் விரித்துக் காபி வடித்தார். அதற்குக் காப்புரிமையும் பெற்று, தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கூம்பு வடிவப் பீங்கானிலும் கண்ணாடியிலும் கிடைக்கும் காகித வடிகட்டிகள் அனைத்தும் அந்த நோட்டுத் தாளின் வழிவந்தவை.

இந்த முறையில் புதுநீர் தொடர்ந்து தூளின் வழியே ஓடிக்கொண்டே இருப்பதால், கரைதல் ஊறவைப்பதைப் போலத் தானாகத் தளர்வதில்லை; ஊற்றுபவரின் கை அதைத் தீர்மானிக்கிறது. காகிதத்தை முதலில் வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். காகித வாடை போகும், கருவியும் சூடாகும். நடுத்தர அரைவையில் 15 கிராம் தூளை இட்டுச் சமன்படுத்தி, 30 முதல் 45 மில்லி நீரை எல்லாத் தூளும் நனையும்படி ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். இப்போது குனிந்து பாருங்கள். புதிதாக வறுத்த தூளாக இருந்தால் அது ஈரமண்ணைப் போல மெல்ல மேலெழும்பி, நடுவில் விரிசல் விட்டு, சிறு சிறு குமிழிகளை வெளியிடும். அறையெங்கும் மணம் பரவும். வறுக்கும்போது கொட்டைக்குள் உருவான கரியமில வாயு வெளியேறும் காட்சி அது. அந்த வாயு உள்ளே இருக்கும் வரை நீரைத் தூளுக்குள் புகவிடாது என்பதால்தான் முதலில் இந்தச் சிறு காத்திருப்பு. தூள் எழும்பவே இல்லை என்றால் அது வறுத்து நெடுநாளான தூள் என்று அறியலாம்.

அரை நிமிடம் கழித்து, எஞ்சிய நீரை மெல்லிய தாரையாக, நடுவிலிருந்து வெளிப்புறமாகவும் மீண்டும் நடுவுக்குமாக வட்டமிட்டு, இரண்டு மூன்று தவணைகளில் ஊற்றி மொத்தம் 250 மில்லியாக்குங்கள். காகிதத்தின் சுவரில் நேரடியாக ஊற்றினால் நீர் தூளைத் தொடாமலேயே வழிந்துவிடும். முதல் துளி நீர் விழுந்ததிலிருந்து கடைசிச் சொட்டு இறங்கும் வரை மூன்று நிமிடம் ஆகலாம். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் நைசாகவும், நான்கைத் தாண்டினால் இன்னும் பெரிதாகவும் அரைக்க வேண்டும்.

நாம் ஃபில்டர் என்று வெறுமனே அழைக்கும் இரண்டடுக்கு உலோகக் கருவியும் இதே வகைதான், ஆனால் அதன் நோக்கம் வேறு. அது தருவது நேரடியாகக் குடிக்கும் காபியன்று, பாலில் கலப்பதற்கான டிகாக்ஷன். 30 கிராம் தூளை மேலடுக்கில் இட்டு, குடை போன்ற தட்டால் இலேசாக மட்டும் அமர்த்தி, 150 மில்லி கொதிநீரை ஊற்றி மூடினால், தூள் தனக்கானதைப் பிடித்துக்கொண்டது போக 90 மில்லி அளவுக்குக் கள்ளிச்சொட்டாக டிகாக்ஷன் இறங்கும். இதற்கு 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இவ்வளவு நேரம் ஊறியும் அது தாங்க முடியாத கசப்பாவதில்லை; தூளோடு ஒப்பிட்டால் நீர் மிகக் குறைவு, அந்தக் குறைந்த நீர் கரைந்த பொருள்களால் விரைவிலேயே நிறைந்து, மேற்கொண்டு கரைப்பது தளர்ந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் கசப்பையும் துவர்ப்பையும் பாலின் புரதமும் கொழுப்பும் தணித்துவிடுகின்றன. சிக்கரி கலந்த தூளில் டிகாக்ஷன் மேலும் கெட்டியாக இறங்குவதற்குக் காரணம், சிக்கரி காபியைவிட மிகுதியாக நீரில் கரைவதே. சிக்கரியில் காஃபின் கிடையாது என்பதால், அடர்ந்த நிறத்தை மட்டும் பார்த்து டிகாக்ஷனின் வீரியத்தை மதிப்பிட முடியாது.

டிகாக்ஷன் இறங்கவில்லை என்பது ஃபில்டர் வைத்திருக்கும் எல்லோரும் எப்போதோ சொல்லும் புகார். தூள் மாவாக இருப்பது, குடையை அழுந்தத் திணிப்பது, துளைகளில் பழைய தூள் அடைந்திருப்பது ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். நான்காவது ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: மேலடுக்கு கீழடுக்கில் இறுக்கமாகப் பொருந்திவிட்டால் கீழே உள்ள காற்று வெளியேற வழியின்றி, இறங்கவேண்டிய டிகாக்ஷனை எதிர்த்து நிற்கும். மேலடுக்கைச் சிறிது தூக்கித் தளர்த்தி வைத்தாலே சொட்டத் தொடங்கிவிடும்.

முதல் டிகாக்ஷன் இறங்கியபின் அதே தூளில் மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்ஷன் ஏன் ஒருபோதும் முதலாவதைப் போல இருப்பதில்லை என்பது மூன்று டம்ளர் சோதனையைச் செய்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அதில் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது டம்ளரின் சுவைதான். ஆறிப்போன டிகாக்ஷனை அடுப்பில் நேரடியாகக் கொதிக்கவைப்பதும் மணத்தைப் போக்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றலாம், அல்லது நன்கு கொதித்த பாலை அதில் சேர்க்கலாம்.

அழுத்தும் முறைகள்

1933இல் இத்தாலியின் அல்போன்சோ பியாலெட்டி விற்பனைக்குக் கொண்டுவந்த மோக்கா பாத்திரம், ஃபில்டரைத் தலைகீழாக்கியது போல இயங்குகிறது. கீழறையில் உள்ள நீர் சூடேறும்போது உண்டாகும் ஆவியின் அழுத்தம் நீரைத் தூளின் வழியே மேலே தள்ளி, மேலறையில் காபியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. பாதுகாப்பு வால்வுக்குக் கீழே வரை மட்டும் வெந்நீரை நிரப்பி, தூளைக் கூடையில் அழுத்தாமல் நிரவி, குறைந்த தீயில் வைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிய கீழறை சுடும் என்பதால் துணியால் பிடித்துக்கொண்டே மேலறையைத் திருகுங்கள். காபி தேன் போல ஒழுகி வந்து, பிறகு வெளிறி, களகளவென்று சத்தமிடத் தொடங்கியதும் உடனே இறக்கிவிடுங்கள். அந்தச் சத்தம் நீர் தீர்ந்து ஆவி வருவதன் அறிகுறி; அதற்குப் பிறகு வருவதெல்லாம் கருகிய கசப்பு. இறக்கியவுடன் கீழறையைக் குழாய் நீரில் காட்டினால் காபி வருவது நின்றுவிடும்.

மோக்கா காபியைப் பலர் எஸ்பிரெசோ என்று எண்ணுகின்றனர். மோக்காவில் உண்டாகும் அழுத்தம் ஒன்றிரண்டு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுதான். எஸ்பிரெசோ ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் இறங்குவது. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 நொடிக்குள் என்பது அதன் பொதுவான கணக்கு. அரைவையில் மயிரிழை மாறினாலும் அந்த நேரம் குலைந்துவிடும் என்பதால், இயந்திரத்துக்கு இணையாக அரவைக்கும் செலவிட வேண்டியிருக்கும். முதல் ஆண்டிலேயே அதில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அமெரிக்கரான ஆலன் ஆட்லர் 2005இல் கொண்டுவந்த ஏரோபிரஸ், ஊறவைத்தலையும் அழுத்தத்தையும் காகித வடிகட்டலையும் ஒரு குழாய்க்குள் சேர்த்த எளிய கருவி. ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டுக்கும் பயணத்துக்கும் ஏற்றது, கழுவுவதும் நொடியில் முடிந்துவிடும்.

நாக்கைக் கேட்டுத் திருத்துதல்

தொடங்குவோர் அதிகமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காபி நீர்த்திருப்பதும், போதிய அளவு கரையாதிருப்பதும் ஒன்றேதான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கின்றனர். அடர்த்தி என்பது கோப்பையில் உள்ள நீரில் எவ்வளவு காபி இருக்கிறது என்பது. கரைதல் என்பது தூளிலிருந்து எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பது. நீர்த்த காபியே கசக்கவும் செய்யும், கெட்டியான காபியே புளிக்கவும் செய்யும். காபி நீர்த்திருக்கிறதே என்று இன்னும் நெடுநேரம் ஊறவிடுபவருக்குக் கிடைப்பது நீர்த்த கசப்புக் காபிதான். அவர் செய்திருக்க வேண்டியது தூளைக் கூட்டுவது. அதேபோல, கசக்கிறது என்று தூளைக் குறைப்பவர், அதே நீரைக் குறைந்த தூளின் வழியே அனுப்பி, ஒவ்வொரு துகளிலிருந்தும் முன்பைவிட அதிகமாகக் கறக்கிறார். கசப்பு அங்கேயே நிற்கும், கனம் மட்டும் போய்விடும்.

ஆகவே முதல் வாயிலேயே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கனம் போதுமா? போதாவிட்டால் தூளைக் கூட்டுங்கள், மிகுதியானால் குறையுங்கள். சுவை எந்தப் பக்கம் சாய்கிறது? எலுமிச்சை பிழிந்தது போலப் பல் கூசும் புளிப்பும், விழுங்கியவுடனே மறைந்துவிடும் சுவையும் இருந்தால் இன்னும் நைசாக அரைக்கலாம், நீரின் வெப்பத்தைக் கூட்டலாம், நேரத்தை நீட்டலாம். கசப்பும், நாக்கில் உலர்ந்த துணியைத் தேய்த்தது போன்ற துவர்ப்பும் இருந்தால் இவற்றை எதிர்த்திசையில் மாற்றலாம். ஆனால் ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைவையையும் வெப்பத்தையும் ஒருசேர மாற்றிவிட்டால், சுவை மாறியது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. சற்று ஆறிய காபியில்தான் குறைகள் தெளிவாகத் தெரியும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது சூடு எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. இளவறுவலான கொட்டைகளுக்கு இயல்பாகவே பழப்புளிப்பு உண்டு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இனிப்போடு சேர்ந்து வரும் அந்தப் புளிப்பு குறையன்று.

இத்தனையும் சரியாக இருந்தும் காபி சிக்கு வாடை அடித்தால் கருவியை முகர்ந்து பாருங்கள். வலையிலும் துளைகளிலும் அரவை இயந்திரத்தின் பற்களிலும் படிந்த காபி எண்ணெய், காற்றுப்பட்டுச் சில நாளில் கெட்டுவிடும்; வெறும் நீரில் அலசினால் அது போகாது. வாரம் ஒரு முறை வலையையும் ஃபில்டரின் மேலடுக்கையும் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எல்லாக் கண்களும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து, நன்றாக உலர்ந்தபின் எடுத்து வையுங்கள். கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வைத்து, வறுத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். அரைத்த தூளோ மணத்தைச் சில மணி நேரத்திலேயே இழக்கத் தொடங்கிவிடுவதால், கூடியவரை நீர் அடுப்பில் சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.